பௌர்ணமி நீங்கலாக

தகரத் தடுப்பில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். அந்த வழியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் எங்களைப் பார்த்துக் கையை நீட்டி டிக்கெட் கேட்டான்.

நாங்கள் இருபது இருபத்தைந்து பேர் இருப்போம். பெரிய மகன் பாபுவின் கையில் பித்தளைச் சொம்பு. சின்னவன் சேகரிடம் பச்சரிசி, எள், வாழை இலை வைத்த கூடை. என் தம்பி வேலுவின் தோளில் எனக்குப் போட வேண்டிய கோடிப் புடவை. நடுவில் நான், முகம் முழுக்க மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்து, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கி.

புருஷன் செத்த பதினாறாம் நாள் காலையில் ஒரு பெண்ணை இப்படித்தான் ஜோடித்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போவார்கள். கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் போட்டு, அங்கே வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். டிக்கெட் கேட்டவன் வெளியூர்க்காரன். பூவையும் வளையலையும் பார்த்து, பிள்ளைக்குப் பெண் பார்த்துவிட்டு அப்படியே ராட்டினம் சுற்ற வந்த குடும்பம் என்று நினைத்துவிட்டான்.

"பெரியவங்களுக்கு ஒரு டிக்கெட்டு, பசங்களுக்கு ஒரு டிக்கெட்டு. மொத்தம் எத்தினி பேரு?" என்றான்.

வேலு பல்லைக் கடித்துக்கொண்டு, காரியத்துக்கு வந்திருக்கிறோம், வழி விடு என்றான். அந்த ஆளுக்குப் புரியவில்லை. எந்தக் காரியமானாலும் டிக்கெட் வேண்டும், முதலாளி சொல்லியிருக்கிறார் என்றான். பின்னால் அய்யர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எமகண்டம் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

தகரத்துக்குப் பின்னால் கடைகள். கடைகளுக்குப் பின்னால் ராட்டினம். அதற்கும் பின்னால் கொஞ்சம் மணல், மணல் முடிகிற இடத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீர் வரைக்கும் போய் என் வீட்டுக்காரரை நல்லபடியாக அனுப்பிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த கதைகளை இத்தனை வாரமும் சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டேன். இதையும் அப்படி எழுத முடியுமா என்று இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பீச்சு

திருவண்ணாமலையில் கடல் ஏது என்று கேட்காதீர்கள். கடல் இல்லாத ஊருக்கும் பீச்சு உண்டு.

வேங்கிக்கால் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி நொச்சி ஏரி. மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடை ஏரியில் சேருகிற இடத்தில், மழைக்கு மழை அடித்துக்கொண்டு வந்த மணல் பெரிய திடலாகப் பரந்து கிடந்தது. மெட்ராஸ் போய் வந்த யாரோ ஒருவன் அதைப் பீச்சு என்று சொல்லியிருக்கிறான். ஊரே பிடித்துக்கொண்டது. "சாயங்காலம் பீச்சுக்கு வரியாடி?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்போம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றதில்லை. பேச்சைக் கேட்டால் கப்பல் வருகிற துறைமுகம்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு மலை என்றால் சாமி. எங்களுக்கும் சாமிதான். ஆனால் சித்திரை வைகாசியில் அந்தச் சாமி பகலெல்லாம் குடித்த வெயிலை இருட்டிய பிறகு எங்கள் மேல் விடுவார். சுவரைத் தொட்டால் சுடும், தண்ணீர்க் குடம் சுடும், பாய் சுடும். ஊரில் அந்த நேரத்தில் உடம்புக்கு இதமாக இருந்த ஒரே இடம் அந்த மணல்தான். சமைத்து முடித்த பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள், வேலை முடிந்து வந்த கொத்தனார்கள், சும்மா இருப்பதையே வேலையாக வைத்திருந்த பெரியவர்கள் என்று எல்லோரும் வந்து உட்காருவோம். வேர்க்கடலை விற்கிறவர் ஒருவர் வருவார். வியாபாரம் என்றால் அவ்வளவுதான்.

எனக்கு அந்த மணல் இன்னொரு வகையிலும் முக்கியம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு சின்னது. மாமனார், மாமியார், கொழுந்தனார்கள், ஒரு நாத்தனார். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கோதண்டன் பார்சல் ஆபீசில் கிளார்க். வீட்டில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் "சோறு போடு", "சட்டை எங்க" இரண்டும்தான். முழுசாக நாலு வார்த்தை பேசியது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டது எல்லாமே அந்த மணலில்தான். அதனால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

கிழக்கு மூலையில் ஓடை வந்து சேரும் இடத்தில்தான் எங்கள் பக்கத்துத் தெருக்கள் எல்லாவற்றுக்கும் கருமாதி. காலையில் அங்கே அழுகிறவர்கள். சாயங்காலம் இந்தப் பக்கம் காற்று வாங்குகிறவர்கள். ஒருவருக்கொருவர் இடைஞ்சலாக இருந்ததே இல்லை. மாமனாருக்கு அங்கேதான் செய்தோம், மாமியாருக்கும் அங்கேதான். மாமியார் காரியம் முடிந்து திரும்பும்போது, தனக்கும் இதே இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் சொன்னார். அப்போது சேகர் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான். பயந்து அழுதுவிட்டான்.

ராட்டினம் வந்தது

வட ஆற்காட்டிலிருந்து மாவட்டம் பிரிந்ததும் ஊர் வேகமாகப் பெருத்தது. வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்கள் வந்தன, ஆபீஸ்களோடு ஆட்கள் வந்தார்கள், ஆட்களோடு சம்பளம் வந்தது. சம்பளம் இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு பன்னீர் வந்தார்.

பன்னீர் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, வாயைத் திறந்தால் அண்ணே, அண்ணி. பொருட்காட்சி நடத்துவது அவர் தொழில். மணலைக் கோடையில் கொஞ்ச நாள் ஏலத்தில் எடுத்தார். பெரிய ராட்டினம், கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஆட்டம், தட்டுக்கு வெளியே தொங்குகிற மசாலா அப்பளம். பொய் சொல்வானேன், முதல் வருஷம் நான்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். ராட்டினம் உச்சிக்குப் போனபோது கோயில் கோபுரங்கள் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்தன. என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் அருணாசலா அருணாசலா என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதை வைத்து அவரை நான் ஒரு மாசம் கிண்டல் செய்தேன்.

அடுத்தடுத்த வருஷங்களில் கோடை முடிந்தும் தகரம் கழலவில்லை. பொருட்காட்சி போனால் புடவை விற்பனை, அது போனால் நாற்காலி மேஜை விற்பனை, அதுவும் போனால் ஏதோ ஒரு கம்பெனியின் பாட்டுக் கச்சேரி. ஜெனரேட்டர் புகையில் கண் எரியும். மணலில் ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். வருகிறவர்களுக்குக் கழிப்பிடம் என்று ஒன்றுமில்லாததால் கரையோரமே கழிப்பிடம் ஆயிற்று. பெண்கள் வருவது நின்றது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் நின்றோம். எத்தனை நாளைக்குத்தான் முகம் சுளிக்காமல் இருப்பார்கள்?

என் வீட்டுக்காரர் எதற்கும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. அவரையே வாயைத் திறக்க வைத்தது முனியம்மாள் வீட்டுக் காரியம்.

முனியம்மாள் எங்களுக்கு எதிர் வீடு. அவள் புருஷன் கருமாதி அன்று காலை நேரமே பொருட்காட்சியில் விளம்பரம் ஓட ஆரம்பித்துவிட்டது. மூட்டு வலிக்குத் தைலம். பிள்ளைகள் தலை மழித்துத் தண்ணீரில் நிற்கிறார்கள், ஒலிபெருக்கியில் ஒருவன் வலி போயே போச்சு, போயே போச்சு என்று திரும்பத் திரும்பக் கத்துகிறான். முனியம்மாள் கழுத்திலிருந்து தாலி வாங்கும்போதும் அதே கத்தல். பாவம், அவளுக்கு அழுகையே வரவில்லை. திகைத்துப்போய் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. இதை விடக் கூடாது சரோஜா என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் புது ஆளாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கூடத்தில் நடந்தது

தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள் கூடினார்கள். நான் அடுப்பங்கரையில் டீ போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதுதானே என் உத்தியோகம்.

என்ன கேட்பது என்பதில் சீக்கிரமே ஒத்துப்போனார்கள். வியாபார நிகழ்ச்சிகளைக் கோடையில் இத்தனை நாள் என்று கட்டுப்படுத்த வேண்டும். மற்ற நாட்களில் மணல் ஊருக்குத் திறந்திருக்க வேண்டும். காலையில் ஒலிபெருக்கி கூடாது. காரியம் செய்கிற மூலையில் என்றைக்கும் ஒரு குச்சியைக்கூட நடக் கூடாது.

மனு எழுதுகிறவர் பேனாவை மூடப் போனார். அப்போது என் வீட்டுக்காரர்தான், இருங்க, பௌர்ணமிக்கு என்ன பண்றது என்று கேட்டார்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்காக அந்த மணலில் பந்தல் போட்டு மோர் ஊற்றுவார்கள், சோறு போடுவார்கள். சில்லறைக் கடைகள் நாலு இருக்கும். அதையும் சேர்த்து வேண்டாம் என்று எழுதினால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் பயந்தார்கள்.

"பௌர்ணமிக்கு வேணாம்னு நம்ம கையால எப்படிங்க எழுதறது? அண்ணாமலையார் பாத்துக்கினுதானே இருக்கறாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாத்துக்கினு இருக்கட்டுமே. அவருக்கு எதுக்கு ராட்டினம்?" என்றேன் நான், உள்ளே இருந்தபடியே.

சிரித்தார்கள். சிரித்துவிட்டு, பௌர்ணமியும் அதையொட்டிய நாட்களும் நீங்கலாக என்று எழுதினார்கள். எந்த இடத்தில் எழுதுவது என்று யோசித்து, சாமி விஷயம் கீழே இருக்கக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக எழுதினார்கள். வேறு ஊராக இருந்தால் அதைக் கடைசியில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள், அல்லது எழுதாமலே விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அது முடியாது. மோர்ப் பந்தல் என்று மட்டும் எழுதியிருந்தாலே போதும். அது ஒருத்தர் புத்தியிலும் உதிக்கவில்லை, என் புத்தியிலும்தான்.

மனுவைப் பார்க்க வந்த அதிகாரி இளைஞர். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணல் முழுக்க நடந்து பார்த்தார். உள்ளங்காலில் கண்ணாடி ஏறியது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, கேட்டது அத்தனையும் ஒரு வார்த்தை மாறாமல் உத்தரவாக வந்தது. தெருவுக்கே நான் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒரு வருஷம், நன்றாகச் சொன்னால் ஒன்றரை வருஷம், மணல் எங்களிடம் திரும்பி வந்தது. சாயங்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் பழைய இடத்தில் போய் உட்காருவோம். பேசுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த நாட்கள் போதாது என்று இப்போதுதான் தெரிகிறது.

கூட்டம்

முன்னெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்களும் அக்கம்பக்கத்துக் கிராமத்துக்காரர்களும்தான். கார்த்திகைக்கு மட்டும் வெளியூர்க் கூட்டம் வரும். எப்போது மாறியது என்று குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. மாசாமாசம் ஸ்பெஷல் பஸ் விட்டார்கள். மெட்ராஸ், பெங்களூர், ஆந்திரா என்று ஜனம் வந்து இறங்கியது. எக்ஸ்சேஞ்சில் பௌர்ணமி டியூட்டி என்றால் யாரும் வரமாட்டார்கள், அத்தனை அழைப்பு. காணாமல் போனவர்களைத் தேடுகிற அழைப்புத்தான் பாதி.

பன்னீர் திரும்பி வந்தார். இந்தத் தடவை திருட்டுத்தனமாக இல்லை. உத்தரவில் இருக்கிறபடியே வந்தார். பௌர்ணமிக்கு நடத்தலாம் என்றிருக்கிறது, நடத்துகிறேன் என்றார். ராட்டினத்தைப் பூட்ட ஒரு வாரம், கழற்ற ஒரு வாரம் பிடிக்கும், அதெல்லாம் பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தானே என்றார். மூலையில் ஜெனரேட்டர் வைத்ததற்கும் அதுதான் பதில். மேலே எழுதிய வரி கீழே எழுதியவை எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டது. ஒரு பௌர்ணமிக்குக் கழற்றி முடிப்பதற்குள் அடுத்த பௌர்ணமிக்குப் பூட்ட ஆரம்பித்தார்கள். முன்னே கோடைக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தோம். இப்போது வருஷம் பூராவும் பொருட்காட்சி.

நுழைவு வளைவில் அண்ணாமலையார் படம் வைத்தார்கள். படத்துக்குக் கீழே அப்பளத்தின் விலை. படம் இருப்பதால் அந்த வளைவை எடு என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மறுபடியும் மனுவோடு போனார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பழைய மனுவை எடுத்து இவர் கையிலேயே கொடுத்து, நீங்கள் கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். பன்னீரும் அங்கே இருந்திருக்கிறார். வெளியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தாராம். இவர் அதைக் குடித்துவிட்டு வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சாமிக்குப் பயந்து ஊர் மணலைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்தீங்களே என்று கத்தினேன்.

அவர் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சாமிக்குப் பயப்படலடி. சாமி ஒண்ணும் சொல்லாது. சாமிக்கு விரோதமா எழுதினான்னு நாளைக்கி எவனாவது நம்ம பசங்களப் பாத்துச் சொல்லிடுவான்ல, அதுக்குத்தான் பயந்தேன்" என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே பயம்தான், சொன்னது இவர் ஒருவர்.

அதற்குப் பிறகு அவர் மணல் பக்கம் போகவில்லை. மலை சுற்றுவதை மட்டும் விடவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். என்ன வேண்டிக்கொள்வார் என்று நான் கேட்டதில்லை.

நாள் குறித்தது

ரிடயர் ஆன சில வருஷத்தில் அவர் போனார். விடிந்து பல் துலக்கக் குழாயடிக்குப் போனவர், சொம்பு விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடியபோது சாய்ந்துகிடந்தார். ஆட்டோ வந்தது. ஆட்டோ தேவைப்படவில்லை.

அமாவாசை முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ. பதினாறாம் நாள் எதில் போய் விழும் என்று அழுகைக்கு நடுவில் யாரும் யோசிக்கவில்லை. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான் சேகர் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான். கருமாதி பௌர்ணமிக்கு மறுநாள்.

ஆளாளுக்கு வழி சொன்னார்கள். வேலுவின் நிலத்தில் போர் செட் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் பிடித்துச் செய்யலாம் என்றார்கள். ஏரியின் வடகரைக்குப் போகலாம் என்றார்கள். வடகரையில் புது நகர்களின் சாக்கடை வந்து விழுகிறது. நான் கேட்கவில்லை. அவர் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் செய்த இடம், அவரே வாய்விட்டுக் கேட்ட இடம். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதையாவது செய்யாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது என்றேன். என் வாய்க்குப் பயந்து ஒத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் அந்தத் தகரத் தடுப்புக்கு முன்னால் போய் நின்றோம்.

மணலில்

வேலு சத்தம் போட்டதைக் கேட்டு உள்ளேயிருந்து பன்னீர் வந்தார். தலை நரைத்து உடம்பு தளர்ந்திருந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யாருக்குக் காரியம் என்று வேலுவிடம் தணிந்த குரலில் கேட்டார். வேலு சொன்னான்.

அவர் முகம் விழுந்துவிட்டது. டிக்கெட் கேட்டவன் பக்கம் திரும்பினார்.

"எழுந்துருடா மொதல்ல. யாருகிட்ட டிக்கெட்டு கேக்கற? கோதண்டன் அண்ணன் அன்னிக்கி பௌர்ணமின்னு அந்த ஒரு வரிய எழுதலன்னா இன்னிக்கி நீயும் இல்ல, நானும் இல்ல. நாம துன்ற சோறு அவரு போட்டது."

என்னிடம் வந்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லலியே அண்ணி. மாலையோட வந்திருப்பேனே" என்றார். கண் கலங்கியிருந்தது.

கிண்டல் செய்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். எனக்குத் தெரியாத கிண்டலா? அவர் மனசாரச் சொன்னார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த இடத்திலேயே அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர்தான் வழி விட வேண்டியவர். கையெடுத்துக் கும்பிட்டேன்.

பன்னீர் முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டே போக, நாங்கள் பின்னால் போனோம். விடிய விடிய மலை சுற்றிவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனம் உள்ளே நிறைந்திருந்தது. அவர்களுக்காகக் காலையிலேயே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சிரிப்புக் கண்ணாடிக் கடை ஒன்றைக் கடந்தபோது நாங்கள் எல்லோரும் அதில் தெரிந்தோம். பாபு நெட்டையாக, வேலு குண்டாக, நான் கழுத்தே இல்லாமல். யாரும் சிரிக்கவில்லை, யாரும் நிற்கவும் இல்லை.

கிழக்கு மூலையில் ஜெனரேட்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு பாய் விரிக்கிற இடம் மிச்சம் இருந்தது. அய்யர் அவசர அவசரமாக ஆரம்பித்தார். பிள்ளைகள் பிண்டம் வைத்தார்கள். கல்லைத் தண்ணீரில் விட்டார்கள். பாட்டுச் சத்தத்தில் மந்திரம் கேட்கவில்லை, அய்யர் வாய் அசைவதைப் பார்த்துப் பாபு கையை அசைத்தான். சம்பந்தி வீட்டார் பிள்ளைகளுக்குத் தலையில் உருமா கட்டினார்கள். எல்லாம் ஒரு வழியாக முடிந்தது.

அடுத்தது என்னுடையது.

அந்தச் சடங்கைப் பற்றி எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. அன்று சண்டை போட உடம்பில் தெம்பில்லை. தாலி வாங்குவதைச் சுமங்கலிகள் பார்க்கக் கூடாது, ஆம்பளைகள் பார்க்கக் கூடாது. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நிற்பார்கள். தாலியிழந்த பெண்கள் மட்டும் சுற்றி நிற்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காவது ஊர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். அந்தச் சடங்கில் இருக்கிற ஒரே இரக்கம் அதுதான். முனியம்மாளும் இன்னும் மூன்று பேரும் வந்து என்னைச் சுற்றிப் புடவையைச் சுவராகப் பிடித்தார்கள்.

பன்னீர் தூரத்திலிருந்து இதைப் பார்த்திருக்கிறார். அவர் மனசுக்கு என்ன தோன்றியதோ, பாட்டை நிறுத்தச் சொன்னார். பாட்டு நின்றது. போதாது என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் தூக்கி ராட்டினக்காரனுக்கு ஜாடை காட்டினார். ராட்டினமும் நின்றது.

என் வீட்டுக்காரருக்கு மரியாதை செய்தார். மேலே இருந்தவர்கள் மேலேயே நின்றார்கள்.

நாலு பக்கமும் புடவை இருந்தது. மேலே ஒன்றும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். தொட்டில் தொட்டிலாக ஜனம் எங்களைப் பார்த்துக் குனிந்திருந்தது. வேறு எங்கே பார்ப்பார்கள்? அத்தனை பெரிய திடலில் அப்போது நடந்துகொண்டிருந்தது இது ஒன்றுதான். உச்சித் தொட்டிலில் புருஷனோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். புதுத் தாலிச் சரடு கீழே இருந்து பார்த்தாலும் மஞ்சளாகத் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. முனியம்மாள் என் தலைப் பூவை எடுத்ததும் புரிந்துவிட்டது. பதறிப்போய் இறங்கப் பார்த்தாள், புருஷன் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோ சரோஜா" என்றாள் முனியம்மாள்.

நான் மூடவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளையல் உடைகிற சத்தம் அந்த அமைதியில் திடல் முழுக்கக் கேட்டிருக்கும். முனியம்மாள் சரடை என் கழுத்திலிருந்து எடுத்துப் பால் கிண்ணத்தில் போட்டாள். பிறகு தன் கையால் என் நெற்றியைத் துடைத்தாள்.

புடவையைப் பிடித்திருந்தவர்கள் கையைத் தளர்த்தினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பன்னீர் கையைக் காட்டினார். ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. பாட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.